பத்தாம் கட்டத்துப் புள்ளி

மார்ச் மாதம் பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். வானத்தில் ஒரு முகில் இல்லை. காற்றும் இல்லை. உவர்மலையிலிருந்து பார்த்தால் உட்துறைமுகத்துத் தண்ணீர் எண்ணெய் ஊற்றி வைத்தது போலக் கிடந்தது. நங்கூரமிட்ட மூன்று கப்பல்களும் காற்றில்லாததால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்து நின்றன. அந்த நிமிடத்தில், அன்ரன் வீட்டுக் கார்க் கொட்டகையில், நான் ஒரு பிழையான சுரம் வாசித்தேன்.

கொட்டகையில் கார் கிடையாது. அதை அன்ரன் பதினொரு வருடங்களுக்கு முன் விற்றுவிட்டான். இப்போது அது எங்கள் இசைக்குழுவின் ஒத்திகை இடம். கலியாணம், பெருநாள், பிறந்தநாள் என்று வருடத்துக்குப் பதினைந்து, பதினாறு நிகழ்ச்சிகள் கிடைக்கும். அன்ரன் தலைவன், பாடுவான், கிற்றாரும் வாசிப்பான். அவனுடைய மருமகள் மெரின் கீபோட். டிரம்ஸ் வாசிக்க ஒருவர். நான் பேஸ் கிற்றார், பாட்டுக்கு அடிச்சுரம் கொடுக்கும் நாலு தந்திக் கிற்றார். எழுபத்தொரு வயது. இடது கைக்காரன்.

அன்ரன் கையை உயர்த்தினான். பாட்டு நின்றது.

"ஆரது?"

டிரம்ஸ்காரர் கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

"சரி, திரும்ப எடுப்பம்."

திரும்ப எடுத்தோம். சனத்தை எழும்பி ஆட வைக்கும் பைலாப் பாட்டு, ஆயிரம் தரமாவது வாசித்திருப்பேன். அதே இடம் வந்தது. அதே பிழை வந்தது. சுரம் அரைப்படி கீழே விழுந்து, பாட்டு ஒரு கால் நொண்டியது.

"சிவம், உனக்கு என்னடா நடந்தது?"

"எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. கிற்றாரில பிழை."

"போன கிழமை முழுக்க, சொர்க்கத்தில இருந்து இறங்கின கிற்றார் எண்டு கதைச்சனீ!"

"அங்கிள், நீங்கள் கொஞ்சம் ஆறுதலா இருங்கோ," என்றாள் மெரின். "அந்த இடத்தை நான் இடக்கையால எடுக்கிறன்."

கீபோட்டின் இடது ஓரத்தில் இரண்டு விரல்களை வைத்தாள். வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, நான் முப்பது வருடங்களுக்கு மேலாக வாசிக்கும் பகுதியை, இரண்டே விரல்களால், பிழையில்லாமல் வாசித்தாள். முடித்துவிட்டுச் சிரித்தாள்.

"பாத்தீங்களா, எனக்கும் இடக்கை இருக்கு."

சனிக்கிழமை பாலையூற்றில் ஒரு கலியாண விருந்து. அன்ரன் என்னை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னான்.

"சனிக்கிழமை நீ உன்ர இடத்தில நில். மெரின் அடியில மெல்லமா வாசிப்பாள். நீ பிழைச்சா உன்ர அம்பைக் குறைப்பன். கோவிக்காத, மச்சான்."

அம்பு என்பது கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. அதன் குமிழைக் குறைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முன்பு எங்களோடு அக்கோடியன் வாசித்த ஒருவருக்கு ஒரு பெருநாளில் அப்படிக் குறைத்தோம். அடுத்த வருடம் அவர் முதல் வரிசையில் கதிரை போட்டு உட்கார்ந்து கை தட்டினார். நன்றாகத்தான் தட்டினார்.

அன்ரன் வீட்டிலிருந்து வீதிக்கு அறுபத்தொரு படிகள். ஏறும்போது மூச்சு வாங்கும் என்று எப்போதும் முறைப்பாடு சொல்வேன். அன்று இறங்கும்போதும் வாங்கியது.

கப்பற் பூச்சுப் பூசியது

போன கிழமை இந்தப் பத்தியில் கிற்றார் என்று ஒரு வரி எழுதியதற்கு, எந்தக் கிற்றார், உங்களிடம் எத்தனை இருக்கிறது என்று நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டு, ஐயா. ஆனால் முப்பது வருடங்களாக ஒன்றுதான் இருந்தது.

நான் துறைமுகத்தில் டாலி கிளாக்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கோடு போட்டு எண்ணும் வேலை. நாலு கோடு நேரே, ஐந்தாவது குறுக்கே. இடது கையால் எழுதுவதால் மை காயுமுன் கை அதன்மேல் ஊர்ந்து போகும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது அன்றைய மூட்டைகளில் பாதி என் சின்ன விரலுக்குக் கீழே ஒட்டியிருக்கும்.

எந்த வருடம் என்று சொல்லமாட்டேன். என் மகன் குமரனுக்கு முன்பல் விழுந்த வருடம். கோதுமைக் கப்பல் ஒன்றில் வந்த பிலிப்பைன்ஸ் சமையற்காரன் ஒரு பேஸ் கிற்றாரை விற்க வைத்திருந்தான். ஜப்பானில் செய்தது. என்ன காரணமோ, தலையிலிருந்து அடிவரை கப்பலுக்குப் பூசும் கறுப்புப் பூச்சை இரண்டு தரம் பூசியிருந்தான். தார் மணம் அடித்தது. என் ஒரு மாதச் சம்பளத்தோடு இரண்டு பொதி கருவாடும் கேட்டான். கொடுத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மடியில் வைத்த பிறகுதான் அது வலது கைக்காரருக்கான கிற்றார் என்பது உறைத்தது. இடது கைக்காரருக்கு என்று தனியாகச் செய்வார்கள் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. கத்தரிக்கோலை எப்படிப் பழகினேனோ அப்படி இதையும் பழகலாம் என்று நினைத்தேன்.

திருப்பிப் பிடித்தால் தடித்த தந்தி கீழே வந்துவிடும். ஆகவே நாலு தந்திகளையும் கழற்றி மாற்றிப் போட்டேன். தந்தி பதிய தலைப்பக்கம் வெட்டியிருந்த குறுகிய காடியில் தடித்த தந்தி இறங்காமல் மேலே நின்றது. மெல்லிய தந்தி அகன்ற காடியில் விழுந்து பல் கடித்தது. அங்கேதான் ரஹீம் வருகிறார்.

ரஹீமின் பட்டறை

ரஹீம் கிண்ணியாக்காரர். உட்துறைமுக வீதியில் ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். கிற்றார் திருத்தும் ஆள் எவரும் அந்தக் காலத்தில் ஊரில் இல்லை. நான் இதைத் தூக்கிக்கொண்டு போய் நின்றபோது சுற்றி வந்து பார்த்தார்.

"இது எத்தன ஆள் ஏறுற தோணி, சேர்?"

பழைய எஞ்சின் தண்டிலிருந்து ஒரு பித்தளைத் துண்டு வெட்டி, அதில் நாலு காடி அராவி, தலைப்பக்கம் ஒட்டினார். அன்றைக்கு அந்தக் கிற்றாருக்கு ஒரு மணிச் சத்தம் வந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. திருப்பிப் பிடித்ததால், கிற்றாரின் உடலில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகளில் நீளக் கொம்பு கீழே போய், குட்டைக் கொம்பு மேலே வந்தது. தோள்பட்டியை அதில் மாட்டினால் கிற்றாரின் கழுத்து நிலத்தைப் பார்த்துச் சரியும். சாம்பல்தீவிலிருந்து வலைக்குப் போடும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு வாங்கி, பட்டியின் பின் நுனியில் தைத்தேன். நிமிர்ந்தது. என் தோள்தான் சரிந்தது. சத்தக் குமிழ்கள் முழங்கைக்குக் கீழே வந்துவிட்டதால் உற்சாகமான பாட்டுகளில் கை உரசிச் சத்தம் தானாகக் குறையும். குமிழ்களைக் கழற்றிவிட்டுத் தண்டை மட்டும் விட்டேன். வயர் செருகும் துளை மேலே பார்த்தபடி நின்று அக்குளைக் குத்தியது. அதற்கு மருந்து இல்லை. பொறுத்துக்கொண்டேன்.

கடைசி மாற்றம் புள்ளிகள். பேஸ் கிற்றாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள இடத்தைக் கட்டம் என்போம். எந்தக் கட்டம் எது என்று மேலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள, கழுத்தின் மேல் ஓரத்தில் சிறு புள்ளிகள் வைத்திருப்பார்கள். கிற்றாரைத் திருப்பினால் அந்த ஓரம் நிலத்தைப் பார்க்கும். என் கிற்றாரில் அதுவும் தெரியாது. எல்லாம் சமையற்காரனின் கறுப்புப் பூச்சுக்கு அடியில். முகப்பிலோ ஒரு அடையாளமும் இல்லை, வெறும் கறுத்த மரம்.

நல்ல வாசிப்பாளர்கள் பார்க்கமாட்டார்கள். நான் பார்ப்பேன். பார்க்காமல் ஒரு மூட்டையைக் கணக்கில் சேர்த்தவனில்லை.

என் மனைவி பரமேசின் தமையனிடம் ஒரு மண்டலின் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, அதன் புள்ளிகள் எந்தெந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று எண்ணி எழுதினேன். ஐந்து, ஏழு, பத்து, பன்னிரண்டு. மூன்றையும் நானாகச் சேர்த்துக்கொண்டேன். பரமேசின் வெள்ளை நகப்பூச்சை ஈர்க்கில் தொட்டு, மேல் ஓரத்தில் வரிசையாக வைத்தேன்.

அதிலிருந்து முப்பது வருடங்களுக்கு மேல் அந்தப் புள்ளிகளைப் பார்த்தே வாசித்தேன். ஒரு நாளும் பிழைத்ததில்லை.

கனடாவிலிருந்து வந்தது

கடல் காற்று எல்லாவற்றையும் தின்னும். கழுத்துக்குள் அதை நேராக வைத்திருக்க ஓர் இரும்புக் கோல் இருக்கும். என்னுடையதில் அது துருப்பிடித்து இறுகிவிட்டது. கழுத்து வில்லாக வளைந்தது. தந்திகள் உயர்ந்தன, ஒரு சுரத்தை அழுத்த இரண்டு விரல்கள் தேவைப்பட்டன. மாசி மாதத்தில் நடு விரல் மூட்டு வீங்கி, சோற்றைப் பிசைய ஏலாமல் போனது.

பரமேஸ் இதைக் குமரனுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். மூன்று கிழமையில் ஒரு நீளப் பெட்டி வந்தது. உள்ளே இடது கைக்காரருக்கென்றே செய்த பேஸ் கிற்றார்.

பக்கத்துக் கடைத் தராசில் இரண்டையும் நிறுத்தேன். பழையது, ஈயத்தோடு, ஐந்து கிலோ நானூறு. புதியது மூன்று கிலோ எண்ணூறு. புதியதில் நீளக் கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. கையை விட்டாலும் கழுத்து அசையவில்லை. குமிழ்கள் கீழே. வயர் அக்குளைத் தொடவில்லை. தந்தி வெண்ணெயில் விரல் வைத்தது போல இறங்கியது. சத்தம் தெளிவு. பழையதின் சத்தம் கப்பலின் அடித்தளக் கதவு மூடுவது போலிருக்கும். உறுதி, ஆனால் எந்தக் கதவு என்று சொல்லத் தெரியாது.

என் கைக்கென்றே யாரோ அளந்து செய்த ஒரு பொருள் என் வாழ்க்கையில் வந்தது அதுதான் முதல் தடவை. அதை மடியில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் வாசிக்காமலே இருந்தேன். பரமேஸ் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, குசினிக்குப் போனாள். தேத்தண்ணியில் சீனி கூடிப்போயிருந்தது. அன்று அதற்கும் முறைப்பாடு சொல்லவில்லை.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பிழையை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றிரவு இரண்டு கிற்றார்களின் கழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது.

பூச்சுக்கு அடியில்

புதன்கிழமை இரண்டு கிற்றார்களையும் ஓட்டோவில் ஏற்றி ரஹீமிடம் போனேன்.

"கொம்பனியில புள்ளிய மாறி வச்சிட்டாங்கள். திருப்பி அனுப்பவேணும். நீங்கள் ஒருக்கா அளந்து சொன்னால் மகனுக்கு எழுதுவன்."

ரஹீம் இரண்டையும் ஃபைபர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்பிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"புதுசுல ஒம்பதுல இரிக்கி. பழசுல பத்துல இரிக்கி."

"அதைத்தான் சொல்றன். புதுசில பிழை."

ரஹீம் சவர அலகு ஒன்றை எடுத்து, பழைய கிற்றாரைப் புரட்டி, இத்தனை வருடமும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஓரத்தில் கறுப்புப் பூச்சை மெல்லச் சுரண்டினார். பத்தாம் கட்டத்தில் வெறும் மரம் வந்தது. ஒன்பதாம் கட்டத்தில் சுரண்டினார். பூச்சு இரண்டு தோலாக உரிந்தது. அடியில் ஒரு மிளகளவு வெள்ளைப் புள்ளி.

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

மண்டலினுக்குப் பத்தில்தான் புள்ளி. பேஸ் கிற்றாருக்கு ஒன்பதில். இது பிறகு அன்ரன் சொல்லித் தெரிந்தது. அவன் கிற்றாரிலும் ஒன்பதில்தான் இருக்கிறது. முப்பது வருடம் அவனுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒரு நாளும் அவன் கழுத்தைப் பார்க்கவில்லை, என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சேர் கப்பல்ல மூட்ட எண்ணின ஆள்தானே?" என்றார் ரஹீம்.

"ஓம்."

"அல்லாவே! எத்தன கப்பல் ஒரு மூட்ட கூடப் போச்சிதோ!"

அவருடைய வேலையாட்கள் இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று எழுத விருப்பம். சிரிக்கவில்லை.

"இது ஒரு வேலையா, சேர்? புதுசுல ஒம்பத மூடிட்டுப் பத்துல ஒண்ட வச்சுத் தாறன். பத்து நிமிசம்."

"ஏலாது," என்றேன். "சரியா இருக்கிறதைப் பிழையாக்க ஏலாது. நான் பழகிக்கொள்ளுவன்."

நூற்றுக்கு முப்பத்தைந்து

புதன் பின்னேரமே தொடங்கினேன். அந்தப் பைலாவின் அந்த ஒரே இடத்தை நூறு தரம் வாசிப்பது, பிழைத்தவற்றைக் கோடு போட்டுக் குறிப்பது. முதல் நூறில் முப்பத்தெட்டுப் பிழை. இரண்டாவது நூறில் முப்பத்தொன்று. நம்பிக்கை வந்தது. வியாழன் காலை முப்பத்தைந்து.

புள்ளியைப் பார்க்காமல் கண்ணை மூடி வாசித்தேன். நாற்பத்தாறு.

பரமேஸ் கதவடியில் நின்றாள்.

"உந்த ஒரு துண்டையே எத்தனை தரம் வாசிப்பீங்கள்? பக்கத்து வீட்டு நாய் படலையைத் திறந்துகொண்டு போயிட்டுது."

விடயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய், ஒட்டுப் பொட்டுப் பக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தாள். வெள்ளைக் கல் வைத்த பொட்டு. ஒன்றை உரித்துப் பத்தாம் கட்டத்து ஓரத்தில் ஒட்டினாள். சற்று விலகி நின்று பார்த்தாள்.

"லட்சணமாத்தான் இருக்கு."

அதோடு வீட்டில் வாசித்துப் பார்த்த முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது பாட்டில் வியர்வையில் பொட்டு வழுக்கிப் பதினோராம் கட்டத்துக்கு வந்தது. நானும் அதோடு போனேன். மூன்றாவது பாட்டில் அது என் விரலில் ஒட்டியிருந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று பக்கெட் தீர்ந்தது. போதாததற்கு ஒன்பதாம் கட்டத்துப் புள்ளியும் பக்கத்தில் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"என்ர வெள்ளை நகப்பூச்சுத் தரட்டோ? ரஹீம் செய்தால் வடிவாச் செய்வார்தானே?"

"குமரன் காசு குடுத்து, சரியான சாமான் எண்டு அனுப்பினவன், பரமேஸ்."

"அவன் உங்கட விரல் நோகுதெண்டுதானே அனுப்பினவன்?" என்றாள். "புள்ளிக்காகவோ அனுப்பினவன்?"

குமரனைத் தொலைபேசியில் கூப்பிட்டு நானே சொல்லிவிட்டேன். மறுபக்கத்தில் அவன் சிரித்த சிரிப்பில் என் பேரப்பிள்ளை எழும்பி அழுதது கேட்டது.

"அப்பா, அது உங்கட கிற்றார். நீங்கள் விரும்பினதைச் செய்யுங்கோ."

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குப் பட்டறைக் கதவடியில் நின்றேன். ரஹீம் படகுக்குப் பூசும் கறுப்புப் பூச்சில் ஒரு துளியை ஊசி நுனியால் எடுத்து ஒன்பதை மூடினார். பத்தாம் கட்டத்தின் நடுவை அளந்து, நுண்ணிய துரப்பணத்தால் குழி தோண்டி, வெள்ளைப் பூச்சை நிரப்பினார். இறுகியதும் தேய்த்து மினுக்கினார். ஓரத்தில் மட்டும்தான் செய்தார். முகப்புப் புள்ளிகளைத் தொடவில்லை. எதிரே நின்று பார்ப்பவருக்குக் கிற்றார் செய்தவனின் கணக்கு தெரியும். மேலிருந்து பார்க்கும் எனக்கு என்னுடைய கணக்கு.

பாலையூற்றில்

சனிக்கிழமை பகல் விருந்து. மண்டபத்தில் மின்விசிறிகள் பதினாறு, சுழன்றவை ஒன்பது. மேடைக்கு மேலே இருந்தது சுழலாத ஒன்று. அன்ரன் என் அம்பைத் தன் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டான். மெரின் கீபோட்டின் இடது ஓரத்தில் கையை வைத்தாள்.

முதல் இரண்டு பாட்டிலும் நான் வாசித்த ஒவ்வொரு சுரத்துக்கு அடியிலும் அவளுடைய சுரம் இருந்தது. ஒரே செருப்புக்குள் இரண்டு பேர் கால் வைத்து நடப்பது போல. மூன்றாவதாக அந்தப் பைலா வந்தது. மாப்பிள்ளையின் சிற்றப்பன்மார் கதிரைகளைத் தள்ளிவிட்டு ஆட வந்தார்கள். அந்த இடம் நெருங்கியது. நான் கீழே பார்த்தேன். புள்ளி இருந்தது. விரல் போனது.

பாட்டு நொண்டவில்லை.

அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கு அடுத்த சுற்றில் என் சத்தத்துக்கு அடியில் ஏதோ குறைவது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். மெரின் வலது கையால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தாள். இடது கையில் யாரோ கொடுத்த ஐஸ்கிரீம் கப். அதை வாய்க்கு நேரே உயர்த்தி நக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அங்கிள் பாக்கிறீங்கள்?" என்று பாட்டுக்கு மேலால் கத்தினாள். "உருகுது!"

அன்ரன் பாடிக்கொண்டே என் அம்பின் பக்கம் குனிந்தான். குமிழை ஒரு கோடு கூட்டிவிட்டு நிமிர்ந்தான்.

மொத்தம் பத்தொன்பது பாட்டுகள் வாசித்தோம். ஐந்து மணிக்கு வயர்களைச் சுற்றும்போது, சித்திரையில் சல்லி ஊரில் ஒரு கலியாணம் பேசியிருக்கிறது, நேரத்துக்கு வந்துவிடு என்று அன்ரன் சொன்னான். நான் ஒரு நாளும் பிந்தி வந்தவனில்லை. அதைச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

ரஹீமுக்குக் கொடுத்தது ஐந்நூறு. ஓட்டோ, இரண்டு நாளும் போகவர, ஆயிரம். பொட்டு, பக்கெட் நாற்பதாக மூன்று, நூற்றிருபது. மகன் அனுப்பிய சரியான கிற்றாரை எனக்குச் சரியாக்க ஆனது, இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டேன், பரமேசும் ஒரு தரம் பார்த்தாள், ஆயிரத்து அறுநூற்று இருபது ரூபாய்.